விலாசம் கேட்ட நண்பருக்கு

குவார்ட்ஸைட், அரிசோனா
ஜனவரி 22

அன்புள்ள நண்பருக்கு,

வீட்டை விற்றுவிட்டு நானும் என் மனைவியும் இந்த வண்டியிலேயே குடியேறிய நாள் முதலாக எழுதிவரும் கடிதங்களின் தலைப்பில் ஊர்ப்பெயர் மட்டும் இருக்கிறதே ஒழிய, தெருவோ கதவு எண்ணோ இல்லையே, பதிலை எங்கே போடுவது என்று தொலைபேசியில் கேட்டீர்கள். இரண்டு வார்த்தையில் முடிகிற சமாசாரமாக இல்லாததால் அப்போது சொல்லாமல் விட்டேன்.

பீனிக்ஸ் நகரத்திலிருந்து பத்தாம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே இரண்டு மணி நேரம் வந்தால், ஏறத்தாழ 2,400 பேர் நிரந்தரமாக வசிக்கும் இந்தப் பாலைவனச் சிற்றூர் இருக்கிறது. வடக்கு மாகாணங்களிலும் கனடாவிலும் பனி கொட்டும் மாதங்களில், ஆர்.வி. என்று இவர்கள் சொல்லும் வீட்டு வண்டிகள் திரள் திரளாக இங்கே வந்து சேருகின்றன. ஊருக்குத் தெற்கேயுள்ள லா போசா என்ற சர்க்கார் நிலத்தில், கட்டணம் கட்டி, செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்கிக்கொள்ளலாம். மனை எண் கிடையாது, மின்கம்பி கிடையாது, சரளைக்கற்களுக்கிடையே சமதரையாகத் தோன்றிய இடமே ஜாகை.

வண்டியின் வயிற்றில் மூன்று தொட்டிகள்: 150 லிட்டர் நல்ல தண்ணீர் கொள்வது ஒன்று, குளித்ததும் பாத்திரம் துலக்கியதுமான நீருக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று. முதலாவது வற்றுவதும் மற்ற இரண்டும் நிறைவதுமே எங்களுக்குப் பஞ்சாங்கம். பத்து நாளைக்கு ஒரு முறை வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய், கழிவு நீரை அதற்கென்று அமைந்த துறையில் இறக்கிவிட்டு, நல்ல நீரை நிரப்பிக்கொண்டு திரும்புகிறோம். கூரைமேல் பதித்த சூரியத் தகடுகள்தாம் மின்சாரத்துக்கு ஆதாரமாகையால், இட்லிக்கு மாவரைப்பது நடுப்பகலில்தான். அந்தி சாய்ந்தபின் மிக்ஸியைத் தொடுவதில்லை என்பது என் மனைவி விதித்த சட்டம். ஒரு குவளை நீரும் ஒரு விளக்கின் ஒளியும் எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன என்பதை அறுபது வயதுக்கு மேல் நான் கண்ணால் கண்டு தெரிந்துகொண்டேன் என்பதை உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை.

வந்த முதல் வாரத்தில் எங்கள் குளிர்ப்பெட்டி குளிராமல் பால் திரிந்துபோயிற்று. எதிரே ஒரு சிறிய வேனில் தனியாக வசித்த மூதாட்டி ஒருவர் ரசமட்டத்தைக் கையில் ஏந்தி வந்து, கேஸில் ஓடும் அந்தப் பெட்டிக்குள்ளிருக்கும் அம்மோனியாக் கரைசல் தன் கனத்தாலேயே இறங்கிச் சுழல வேண்டியிருப்பதால் வண்டி சாய்ந்து நின்றால் அது வேலை செய்யாது என்று பொறுமையாக விளக்கி, சக்கரத்துக்கு அடியில் இரண்டு மரக்கட்டைகளையும் வைத்துக் கொடுத்தார். நான்காம் நாள் அவர் கிளம்பியபோது, கட்டைகளைத் திருப்பி வாங்க மறுத்து, ஒரு துண்டுக் காகிதத்தில் தம் விலாசத்தை எழுதிக் கொடுத்தார். படித்துப் பார்த்த எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு எழவில்லை. அது எங்கள் தெரு!

அந்தத் தெரு டெக்ஸாஸ் மாகாணத்தில் லிவிங்ஸ்டன் என்ற ஊரில் இருக்கிறது. ஜோ, கே பீட்டர்சன் தம்பதியர் 1978-இல் தொடங்கிய எஸ்கேபீஸ் என்ற சங்கம், ஆயிரக்கணக்கான நாடோடிகளின் தபாலை அங்கே வாங்கி வைத்து, அவரவர் நிற்கும் ஊருக்கு அனுப்பிவைக்கிறது. எங்கள் வண்டிப் பதிவும் ஓட்டுநர் உரிமமும் அந்த விலாசத்தின்மேல்தான். வண்டி ஓட்டும் சக்தியை இழந்தவர்கள் தங்கள் வீட்டு வண்டியிலேயே தொடர்ந்து வசிக்கும்படி, வேளைக்கு உணவும் வைத்தியரிடம் போக வாகனமும் அளிக்கும் ஒரு நிலையமும் அங்கே இருக்கிறது. சென்ற நவம்பரில் அதைப் பார்த்தோம். டயர்களுக்குப் பக்கத்தில் பூந்தொட்டிகள் வேர்விட்டிருந்த அந்த வரிசையைப் பார்த்தபின், என் மனைவி அன்று இரவு நெடுநேரம் தூங்கவில்லை. நானுந்தான்.

அப்படி ஓரிடத்தில் நிலைத்துவிட்ட பயணி ஒருவர் இங்கே குவார்ட்ஸைட்டிலும் உண்டு: இவ்வூர் இடுகாட்டில் ஹாஜி அலி என்ற ஒட்டகக்காரரின் கல்லறை இருக்கிறது. பாலைவனத்தில் சுமை கொண்டுசெல்ல ஒட்டகங்கள் உதவுமா என்று பார்க்க அமெரிக்கப் படை 1856-இல் அவற்றைக் கடல்வழியே தருவித்தபோது கூடவே வந்து, தம் பெயர் இந்நாட்டார் வாயில் 'ஹை ஜாலி' என்று திரிந்துபோனதையும் பொறுத்துக்கொண்டு, 1902-இல் இங்கே காலமானவர். 1935-இல் அவருக்குக் கற்களால் கூர்நுனிக் கோபுரம் கட்டி, உச்சியில் உலோக ஒட்டகம் ஒன்றை நிறுத்தினவர்கள், இந்த மாகாணத்தின் சாலை இலாகாவினர். மாலை நடையாக நாங்கள் அங்கேதான் போகிறோம்.

ஆகவே லிவிங்ஸ்டன் விலாசத்துக்கே எழுதுங்கள்; உறையின் பின்புறம் குறித்திருக்கிறேன். மார்ச் முடியுமுன் வருவதை இவ்வூர்த் தபாலாபீஸிலேயே பெற்றுக்கொள்வேன்; வெயில் ஏறியதும் வடக்கே போய்விடுவோம். உங்கள் தெருவில் கதவு எண்களை மாற்றிவிட்டார்கள் என்று சொன்னீர்களே, பழையது, புதியது இரண்டில் எதை நான் எழுத வேண்டும் என்பதையும் மறவாமல் தெரிவியுங்கள்.

என்றும் அன்புடன்,
தங்கள் நண்பன்