அக்கா மகன் செய்த துப்பாக்கி

2025 அக்டோபர் 2ஆம் தேதி விஜயதசமி. காந்தி ஜயந்தியும் அன்றே வந்தது. முதல் நாள் மாலை மயிலாப்பூர் மாட வீதியில் பொரி கடலையும் வாழைக்கன்றும் வாங்கி வந்து, புத்தகங்களை அடுக்கிப் பூஜை செய்திருந்தோம். மறுநாள் காலை அவற்றில் ஒன்றை எடுத்து ஒரு பக்கமாவது படிக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். நான் எடுத்தது புறநானூறு. பிரிப்பதற்குள் கைபேசி ஒலித்தது. டெக்சாஸில் இருக்கும் அக்கா மகன் படம் ஒன்று அனுப்பியிருந்தான். அங்கே அப்போதுதான் ஆயுத பூஜை இரவு.

படத்தில் சாப்பாட்டு மேசை. மேலே வெள்ளைத் துணி. துணியின்மேல் கறுப்பு நிறத்தில் ஒரு துப்பாக்கி. அதற்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, பக்கத்தில் இரண்டு வாழைப்பழங்களும் வைத்திருந்தான். கீழே ஒரு வரி: "முதல் ரைஃபிள். நானே பாகம் பாகமா சேர்த்தது. எப்படி இருக்கு மாமா?"

சற்று நேரத்தில் அடையாறிலிருந்து அக்கா அழைத்தாள். டிசம்பரில் பேத்தியைப் பார்த்துக்கொள்ள டெக்சாஸ் போவதாக இருந்தாள். "பார்த்தியாடா? அந்த மேஜையிலதான் குழந்தை உக்காந்து சாப்பிடறா. நீ சொன்னா கேப்பான், பேசு" என்றாள். மூன்று வயதுக் குழந்தை அது.

அக்காவின் அச்சத்துக்கு வயது நாற்பதுக்கும் மேல். 1982 மே 19 அன்று தி. நகர் பாண்டி பஜாரில் ஈழப் போராளித் தலைவர்கள் பிரபாகரனுக்கும் உமா மகேஸ்வரனுக்கும் இடையே துப்பாக்கிச் சண்டை நடந்தபோது அவள் பன்னிரண்டு வயதுச் சிறுமி. அப்போது எங்கள் வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. நான் கைக்குழந்தை. அதன்பின் பல நாட்கள் அப்பா அவளைக் கடைத்தெருவுக்கே விடவில்லையாம். துப்பாக்கி என்றால் அவளுக்கு இன்றும் அந்த அடைத்த கதவுதான்.

எனக்கோ அது பெரும்பாலும் சொல்லாகவே தெரிந்த பொருள். துருக்கிய மொழியில் வேர்கொண்டு நம்மிடம் வந்து சேர்ந்த சொல் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். மருமகனோடு பேசுவதற்குமுன் பொருளைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அன்று பகல் முழுதும் படித்தேன்.

அவன் சேர்த்திருப்பது ஏ.ஆர்.15 வகை. இதில் வரும் ஏ.ஆர். என்பது ஆர்மலைட் நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்தது. 1950களில் யூஜீன் ஸ்டோனர் அங்கே வடிவமைத்தார். அதன் இராணுவ வடிவமே வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஏந்திய எம்16. பொதுமக்களுக்கு விற்கப்படுவது அரைத் தானியங்கி. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு பாயும்; அடுத்த குண்டு தானே வந்து அமரும்; மறுபடி அழுத்த வேண்டும். அவ்வளவுதான் அந்த "அரை"க்குப் பொருள்.

வியப்பளித்தது சட்டம். அமெரிக்கக் கூட்டரசின் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி இவ்வகைத் துப்பாக்கியில் ரிசீவர் எனப்படும் நடுப்பகுதி ஒன்றுதான் "துப்பாக்கி". அதைக் கடையில் வாங்கும்போது படிவம் நிரப்ப வேண்டும். வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்ப்பார்கள். குழலும் வில்லும் கட்டையும் வெறும் பொருட்கள். கூரியரில் வீட்டு வாசலுக்கே வரும். தன் சொந்தப் பயனுக்குச் சேர்த்துக்கொள்ளக் கூட்டரசின் உரிமம் வேண்டியதில்லை, டெக்சாஸிலும் தடையில்லை. வேலை விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருக்க முடியாது. இவனுக்கு மனைவி வழியாகப் பச்சை அட்டை கிடைத்துவிட்டது. கிடைத்த கையோடு செய்த காரியம் இது.

நம் நாட்டின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமோ பாகங்களையும், செய்யும் இயந்திரங்களையும்கூட ஆயுதம் என்றே கொள்கிறது. வீட்டுக்கும் வயலுக்கும் மட்டும் ஆன தடி, கைத்தடி போன்றவற்றைப் பெயர் சொல்லி விலக்கியிருக்கிறது. உரிமமின்றித் துப்பாக்கி செய்தால், 2019 திருத்தத்துக்குப் பின், குறைந்தது ஏழாண்டுச் சிறை. ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம். அவன் மேசையில் பூஜை கண்ட பொருள் இங்கே மயிலாப்பூரில் ஒரு மேசையில் இருந்தால், குங்குமம் காய்வதற்குள் காவலர் வந்திருப்பார்கள்.

இரவு அவனை அழைத்தேன். கடிந்துகொள்ளும் வாக்கியங்களை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அவன் என்னை முந்திக்கொண்டான்.

"மாமா, கடைசியா அந்த போல்ட் உள்ள போய் கிளிக்னு உக்காந்தது பாருங்க, அப்பா ஞாபகம் வந்துடுச்சு."

நான் தயாரித்தவை அத்தனையும் அந்த ஒரு சொல்லில் நின்றுபோயின. அத்திம்பேர் வானொலி செய்பவர். தொழிலாக அல்ல, வங்கி வேலை முடிந்து ரிச்சி தெருவுக்குப் போய் டிரான்சிஸ்டரும் காயிலும் வாங்கி வந்து, அடையாறு வீட்டின் சாப்பாட்டு மேசையில் பரப்பிக்கொண்டு உட்காருவார். ஈயம் உருகும் வாசனை கூடத்தில் நிறையும். இவன் ஐந்தாறு வயதில் அருகில் நின்று திருகாணிகளை எடுத்துக் கொடுப்பான். இரைச்சலுக்கு நடுவிலிருந்து இலங்கை வானொலியின் குரல் எழுந்த கணத்தில் தகப்பனும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட முகங்களை நான் பார்த்திருக்கிறேன். அத்திம்பேர் போய்ப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அந்த முகத்தை இவன் ஒரு துப்பாக்கிக்குள் கண்டெடுத்திருக்கிறான். இதை எப்படிக் கடிந்துகொள்வது?

ஆனாலும் சொன்னேன். "வானொலி வேலை செஞ்சா பாட்டு வரும். இது வேலை செஞ்சா என்ன வரும்?"

அவன் சளைக்கவில்லை. "காந்தியே ஆயுதச் சட்டத்தைத் திட்டியிருக்கார் மாமா. இங்க எல்லாரும் அதைச் சொல்றாங்க."

உண்மைதான். லிட்டன் பிரபு காலத்து 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஐரோப்பியருக்கு விலக்களித்து இந்தியரை நிராயுதபாணிகளாக்கியது. அதை ஆங்கில ஆட்சியின் மிகக் கரிய செயலாக காந்தி கண்டித்திருக்கிறார். ஆனால் எங்கே? 1918இல் கேடா மாவட்டத்தில், முதல் உலகப் போருக்கு ஆள் சேர்க்க எழுதிய துண்டறிக்கையில். அதைத் தம் சுயசரிதையில் அவரே சொல்கிறார். ஒரு மக்கள் கூட்டத்தை இழிவுபடுத்தியதற்கு எதிரான குரல் அது. சாப்பாட்டு மேசைத் துப்பாக்கிக்கான சான்றிதழ் அல்ல. இதையெல்லாம் சொன்னேன். "நீங்க லெக்சரர்" என்று சிரித்தான். அவன் சிரிப்பில் தவறில்லை. நான் வாதத்தில் வென்றேன். அவன் மேசையில் பொருள் அப்படியே இருந்தது.

பிறகு வாதத்தை விட்டுவிட்டு உவால்டியைப் பற்றிக் கேட்டேன். அதுவும் டெக்சாஸ்தான். 2022 மே 24 அன்று அங்கே ஒரு தொடக்கப் பள்ளியில் பத்தொன்பது குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொன்றவனுக்குப் பதினெட்டு வயது, ஏந்தியது இதே வகைத் துப்பாக்கி, சட்டப்படி வாங்கியது. காவலர்கள் அந்த வகுப்பறைக்குள் நுழைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நானும் வகுப்பறையில் நிற்பவன். கதவைப் பார்த்து நின்றுதான் பாடம் நடத்துகிறேன். அந்த இரண்டு ஆசிரியைகளை நினைக்காமல் அந்தப் படத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை என்றேன். 2020இல் அமெரிக்காவில் ஒன்று முதல் பத்தொன்பது வயது வரையானவர்களின் இறப்புக்கு முதற்காரணமாக, சாலை விபத்தையும் முந்திக்கொண்டு, துப்பாக்கி வந்துவிட்டது என்பதையும் சொன்னேன்.

நெடுநேரம் மறுமுனையில் பேச்சில்லை. குழந்தை எதற்கோ அழும் ஒலி மட்டும் கேட்டது. "வெக்கறேன் மாமா" என்றான்.

தூக்கம் வரவில்லை. காலையில் எடுத்து வைத்த புறநானூற்றைப் பிரித்தேன். தொண்ணூற்றைந்தாம் பாட்டு. அதியமானின் தூதாக ஔவையார் போகிறார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். அவன் ஆயுதங்கள் மயில்தோகையும் மாலையும் சூடி, நெய் பூசப்பட்டு, காவலுள்ள மாளிகையில் அழகாக இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் உலைக்கூடத்தில் கிடக்கின்றன. புகழ்வதுபோல் இகழ்ந்த அந்தச் சாதுரியத்தை இருபது ஆண்டுகளாகப் பாடம் சொல்லி வருகிறேன். மாணவர்கள் தவறாமல் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். போர் காணாத ஆயுதம் நகைப்புக்குரியது என்பதில் எனக்கு ஒருநாளும் ஐயம் வந்ததில்லை.

அன்றிரவு முதல்முறையாக நான் தொண்டைமான் பக்கம் நின்றேன். எண்ணெய் பூசி, பொட்டு வைத்து, ஒரு கீறலும் படாமல், அந்தத் துப்பாக்கி அப்படியே கிடந்து கிழமாகட்டும். ஔவை வந்து சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். ஆயுதத்துக்கு இதைவிட நல்ல வாழ்வு வாய்க்காது என்று தோன்றியது.

நான்கு நாள் கழித்து இன்னொரு படம் வந்தது. உடையணி அறையின் மூலையில், சுவரோடு சேர்த்துத் திருகிய இரும்புப் பெட்டி; எண் பூட்டு. "குண்டுகள் வேற பெட்டியில. அம்மாகிட்ட சொல்லுங்க" என்று எழுதியிருந்தான். விற்றுவிட்டேன் என்று எழுதுவான் என எதிர்பார்த்திருந்தேன். அவன் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

அக்கா டிசம்பரில் புறப்பட்டாள். அவள் பெட்டியில் சாம்பார்ப் பொடிக்கும் குழந்தையின் பட்டுப் பாவாடைக்கும் நடுவே, துண்டில் சுற்றி, அத்திம்பேர் கடைசியாகச் செய்த வானொலி இருந்தது. பல வருடமாக ஒலிக்காதது அது.

"எதுக்கு இது?" என்றேன்.

"ரிப்பேர் பண்ணச் சொல்லப் போறேன். குழந்தை பக்கத்துல நின்னு திருகாணி எடுத்துக் குடுக்கட்டும்" என்றாள்.