குருத்து

பேராவூரணி அருகே, 2018

நவம்பர் 16, வெள்ளி

நள்ளிரவுக்குமேல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையேறியது. விடியும்வரை தென்னைகள் விழும் சத்தம். முப்பதுவரை எண்ணினேன், அப்புறம் எண்ணவில்லை. காலையில் கொல்லைக் கதவைத் திறந்தால், கீற்று தெரிய வேண்டிய இடத்தில் வெறும் வானம். அடுப்பும் விறகும் நனைந்து கிடந்தன. ராத்திரி தண்ணீர் ஊற்றிவைத்த சோற்றை அப்பத்தா பிழிந்து, சின்ன வெங்காயத்தோடு கையில் வைத்தாள். அவ்வளவு பசித்திருக்கிறது என்பது வாயில் வைத்த பிறகுதான் தெரிந்தது.

நவம்பர் 18, ஞாயிறு

கரண்ட் கம்பங்கள் வயலில் படுத்துவிட்டன. மிக்ஸி மூலைக்குப் போய், அம்மி முற்றத்துக்கு வந்தது. தேங்காய், பச்சை மிளகாய், புளி, உப்பு. கஞ்சிக்கு இந்தத் துவையல் போதும். அரைத்த கையின் ருசி அதில் இருந்தது. குடிதண்ணீருக்குத் திண்டாட்டம், இளநீருக்கு இல்லை. போன வாரம்வரை காய்க்குக் காய் கணக்குப் பார்த்தவர்கள், வழியில் போகிறவரைக் கூப்பிட்டுச் சீவிக் கொடுக்கிறார்கள்.

நவம்பர் 20, செவ்வாய்

வாடகை ஜெனரேட்டர் வந்து, ஊர்த் தொட்டி நிரம்பியது. மரம் அறுக்க வந்தவர் உச்சியைப் பிளந்து குருத்தை எடுத்துத் தந்தார். பால் வெள்ளை, கடித்தால் நொறுங்கி இனிக்கும். தென்னைக்கு உச்சி ஒன்றுதான், குருத்தை எடுத்தால் மரம் போச்சு. அதனால் சின்ன வயதில் அது எப்போதாவது கிடைக்கும் ஒரு துண்டு. இன்று தெருவெல்லாம் குருத்து. பிள்ளைகள் சண்டை போடாமல் தின்கிறார்கள். இது தாத்தா வைத்த மரம். நானும் தின்றேன். இனித்தது. இனிக்கிறதே என்று கூச்சமாகவும் இருந்தது.

நவம்பர் 23, வெள்ளி

கார்த்திகை தீபம். ஊரே இருட்டாக இருந்ததால் ஒவ்வொரு அகலும் தனித்தனியாகத் தெரிந்தது, மேலே பௌர்ணமி. பொரி கிடைக்கவில்லை. நிவாரண லாரியில் வந்த அவலில் வெல்லப்பாகும் தேங்காய்ப் பல்லும் சேர்த்து உருண்டை பிடித்தோம். கம்பம் நட வெளிமாவட்டத்திலிருந்து வந்த மின் ஊழியர்கள் பள்ளிக்கூடத்தில் படுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு தூக்குவாளி நிறையக் கொண்டுபோனேன். “எங்க வீட்லயும் இன்னைக்கு உருண்டை பிடிச்சிருப்பாங்க” என்று ஒருவர் இன்னொன்று எடுத்துக்கொண்டார்.

திரும்பிவந்து, நாளைத் துவையலுக்குத் திண்ணையோரக் குவியலில் கை வைத்தேன்.

“அதை எடுக்காதப்பா. அது நாத்துக்கு.”

முற்றின நெற்றுகளாகப் பொறுக்கிப் பத்துக் காய் ஒதுக்கியிருக்கிறாள் அப்பத்தா. நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருஷமாகும். அவளுக்கு எண்பது தாண்டிவிட்டது.

கொல்லைக்குப் போய், நிலா வெளிச்சத்தில், விழுந்து கீறல்விட்ட காயாகப் பார்த்து ஒன்று எடுத்துவந்தேன்.