ஒயிட்பீல்டு: ஏரிக்கரையில் எழுந்த புதுநகர்

ஊர்கள் வளர்வதில் இருவகை உண்டு. ஆலமரம்போல் விழுதூன்றித் தலைமுறை தலைமுறையாக வளர்வது ஒருவகை. மழைக்குப் பின் முளைக்கும் காளான்போல் கண் மூடித் திறப்பதற்குள் எழுந்து நிற்பது மற்றொரு வகை. பெங்களூரிலிருந்து சென்னை செல்லும் இருப்புப் பாதையில், கிழக்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் உள்ள ஒயிட்பீல்டு இவ்விரு வகையையும் தன்னுள் அடக்கியது. நம் அன்பர்களில் பலர் அங்கே குடியேறிவிட்டனர். இன்னும் பலர் வீடு தேடி வருகின்றனர். ஆதலின், ரயில்வே எழுத்தர் பணியில் அப்பாதையை நாள்தோறும் காணும் நாம், அவ்வூரின் பழமையையும் இன்றைய நிலையையும் இங்கே எடுத்துரைக்க விழைகிறோம்.

ஒயிட்பீல்டு ரயில் நிலையத்தை ஒட்டியுள்ள பழைய கிராமம் காடுகோடி. அங்கே ஒரு தமிழ்க் கல்வெட்டு உண்டு என்பதை நம்மவருள் அறிந்தோர் சிலரே. அதன் காலம் கி.பி. 1043, கங்கை கொண்ட இராசேந்திர சோழனது ஆட்சியின் இறுதிப் பகுதி. இராசராச வேளான் என்னும் தலைவன் பட்டந்தூர் ஏரியை அமைத்ததையும், கணபதி, துர்க்கை, க்ஷேத்திரபாலர் ஆகிய தெய்வங்களை எழுந்தருளச் செய்ததையும் அக்கல்வெட்டு கூறுகிறது. பெரிய ஆறு எதுவும் பாயாத மேட்டுநிலம் இது. மழைநீரைத் தேக்கினாலன்றி இங்கே உழவும் இல்லை, ஊரும் இல்லை. இதனை அக்காலத்தார் நன்குணர்ந்திருந்தனர். ஏரி இருந்தால்தான் ஊர் என்பதே அவர்கள் கண்ட முறை.

பல நூற்றாண்டுகள் கழிந்தன. 1864-ஆம் ஆண்டில் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மெண்டு வரை இருப்புப் பாதை வந்தது. பின்னர் 1882-இல், மைசூர் மகாராஜா சாமராஜ உடையார், ஆங்கிலோ இந்தியர்கள் விவசாயம் செய்து குடியமரும் பொருட்டு, அவர்களது சங்கத்திற்கு 3,900 ஏக்கர் நிலத்தை வழங்கினார். அச்சங்கத்தை நிறுவி அச்சமூகத்திற்காக உழைத்த ஒயிட் என்பாரின் பெயரே ஊருக்கு அமைந்தது. நடுவே வட்டமான திடல், அதனைச் சுற்றி ஓட்டு வீடுகள், வீட்டுக்கு வீடு தோட்டம், தொழுகைக்கு மாதா கோயில் என அவ்வூர் அமைக்கப்பட்டது. அவ்வட்டச் சாலை இன்றும் இருக்கிறது. நாடு விடுதலை பெற்ற பின் அச்சமூகத்தாரில் பலர் ஆஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குச் சென்றுவிட்டனர். எஞ்சியிருந்த முதியோர் பழமரங்களின் நிழலில் ஓய்வுக் காலத்தைக் கழிக்கும் அமைதியான கிராமமாக ஒயிட்பீல்டு நெடுநாள் விளங்கியது.

அந்த அமைதி கலைந்தது 1994-ஆம் ஆண்டிற்குப் பின்னரேயாகும். சிங்கப்பூர் நிறுவனங்களும் டாட்டா குழுமமும் கர்நாடக அரசும் கூட்டுச் சேர்ந்து, அங்கே தகவல் தொழில்நுட்பப் பூங்கா ஒன்றைத் தொடங்கின. ஒன்றைத் தொடர்ந்து ஒன்றாகக் கம்பெனிகள் வந்தன. 2001-இல், கட்டணம் பெறாது இருதய சிகிச்சையும் மூளை சிகிச்சையும் அளிக்கும் சத்திய சாயி மருத்துவமனை திறக்கப்பெற்றது. ரயில் நிலையத்தருகே பெரும் சரக்குப் பெட்டகக் கிடங்கு இயங்கி வருகிறது. 2023 மார்ச்சில் கிருஷ்ணராஜபுரத்திலிருந்து ஒயிட்பீல்டு வரை மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. அவ்வாண்டு அக்டோபரில் இடையே விடுபட்டிருந்த இணைப்பும் முடிந்து, நகரின் மேற்கெல்லையிலுள்ள சல்லகட்டா வரை ஒரே வண்டியில் செல்லும் வசதி கிடைத்தது.

வளர்ச்சியின் வேகத்திற்கு ஓர் அளவுகோல் கூறுவோம். பெங்களூர் நகர மாவட்டத்தின் மக்கள்தொகை 2001-இல் 65 லட்சம். 2011-இல் 96 லட்சம். பத்தே ஆண்டுகளில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு! 2007-இல் ஒயிட்பீல்டு வட்டாரமும் அதைச் சுற்றிய கிராமங்களும் மாநகராட்சியுடன் சேர்க்கப்பட்டன.

காலை வண்டியில் வந்து இறங்குவோரைப் பார்த்தால் இவ்வளர்ச்சியின் முகம் தெரியும். தோளில் கணினிப் பையுடன் இளைஞர் வருகின்றனர். பங்காருப்பேட்டையிலிருந்தும் கோலார் தங்கவயலிலிருந்தும் கொத்தனாரும் சித்தாளும் வருகின்றனர். அடுக்குமாடி வீடுகளில் சமைத்துப் பாத்திரம் துலக்கும் தாய்மார் வருகின்றனர். தங்கச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்ட பின், தங்கவயல் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறளிப்பது இவ்வண்டிதான் என்றால் மிகையன்று.

இத்துணை பேருக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இதுவே நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி.

கட்டடங்கள் முதலில் எழுந்தன. காவிரிக் குழாய் பின்னரே வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஆழ்துளைக் கிணறும் டேங்கர் லாரியுமே கதியாயின. 2024-ஆம் ஆண்டுக் கோடையில் என்ன நேர்ந்தது என்பதை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நகரின் 13,900 பொது ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வறண்டுவிட்டதாக அரசே அறிவித்தது. பத்து மாடிக் கட்டடத்தில் குடியிருந்தோரும் குடத்துடன் காத்து நின்றனர். அவ்வாண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கப்பெற்று, புதிதாகச் சேர்ந்த 110 கிராமங்களுக்கென நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் நீர் ஒதுக்கப்பட்டது. இது பெரும் ஆறுதலே. ஆயினும், ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டிற்கு ஏற்றிக் கொணரும் நீர் அது. அதனை மட்டுமே நம்பி, வீட்டு வாயிலில் பெய்யும் மழையைச் சாக்கடையில் விடுவது அறிவுடைமையாகாது. இந்நகரில் ஆண்டுக்குச் சராசரியாக 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறதல்லவா?

இனி, வந்த நீர் எங்கே செல்கிறது என்பதையும் காண்போம். ஒயிட்பீல்டின் தெற்கே வர்த்தூர் ஏரி உள்ளது. நகரின் கழிவுநீர் பெல்லந்தூர் ஏரி வழியாக அதனை வந்தடைந்து, வெண்ணுரை பொங்கிச் சாலையில் பறந்த காட்சியைப் பத்திரிகைகளில் பலரும் கண்டிருப்பர். அவ்வேரியின் நீர் தென்பெண்ணையில் கலக்கிறது. தென்பெண்ணை ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையை அடைந்து, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களைக் கடந்து கடலூர் அருகே கடலில் சேர்கிறது. ஆகவே, இங்கே நம் சமையலறையிலிருந்து வெளியேறும் நீர், அங்கே நம் உற்றார் உறவினரின் வயலுக்குப் பாய்கிறது. இதனை நினைத்துப் பார்த்தால் சோப்புத்தூளை அள்ளிக் கொட்டும் கை சற்றே தயங்காதோ?

அங்கே வீடு வாங்கவோ வாடகைக்குப் பிடிக்கவோ எண்ணும் குடும்பத்தாருக்குச் சில சொற்கள். தளம் பளபளக்கிறதா என்று பார்க்குமுன், காவிரி இணைப்பு உண்டா, கோடையில் மாதத்திற்கு எத்தனை டேங்கர் வரவழைக்கின்றனர், கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் உண்மையாகவே இயங்குகிறதா என்று கேளுங்கள். அக்கம்பக்கத்துப் பெண்மணிகளிடம் விசாரித்தால் உண்மை விளங்கும். மழைநீர்ச் சேகரிப்பை 2009-ஆம் ஆண்டின் சட்டம் கட்டாயமாக்கியுள்ளது. அது ஏட்டில் மட்டும் உள்ளதா, கூரையிலும் உள்ளதா என்று நோக்குங்கள். அந்த மனை முன்பு ஏரியாகவோ நீர்வரத்துக் கால்வாயாகவோ இருந்ததா என்பதைப் பழைய கிராம வரைபடத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நீர் தன் பழைய வழியை மறப்பதில்லை.

குடியேறிய பின்னும் கடமை உண்டு. சர்ஜாபுரம் சாலையிலுள்ள கைகொண்டரஹள்ளி ஏரி, அங்குக் குடியிருப்போரும் மாநகராட்சியும் சேர்ந்து உழைத்ததால் மீட்கப்பட்டது. இன்று பறவைகள் கூடும் இடமாக விளங்குகிறது. அத்தகைய முயற்சிகளில் நம்மவர் முன்னின்று பங்கேற்க வேண்டும். அதற்குக் கன்னட மொழிப் பழக்கம் இன்றியமையாதது. ஏரியின் எல்லையும் கால்வாயின் போக்கும் அறிந்தோர் அவ்வூர் முதியவர்களே. அவர்களுடன் அவர்கள் மொழியில் பேசுதலே முறை.

வேளான் ஏரி அமைத்து 980 ஆண்டுகளுக்கு மேலாகின்றன. தமிழ் எழுத்தைத் தாங்கிய கல்லைக் கன்னட நாட்டுக் கிராமம் ஒன்று இத்தனை காலம் காத்து வந்திருக்கிறது. அந்நன்றியை நாம் செலுத்தத் தக்க வழி ஒன்றுண்டு. பிழைக்க வந்த ஊரின் நீர்நிலையை நம் சொந்த ஊர்க் குளமாகவே கருதிப் பேணுவோமாக. விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு காடுகோடிக்கு ஒருமுறை சென்று வாருங்கள். ரயில் நிலையத்தில் இறங்கினால் தூரம் அதிகமில்லை.