யாக்கோபின் ஏணியும் அப்பாவின் சைக்கிளும்

சர்வே பிராக்டிகல் என்றதும் நம்மில் பாதிப் பேருக்கு உச்சி வெயிலில் ஸ்டாஃப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் ஞாபகத்துக்கு வரும். மீதிப் பேருக்கு அதைப் பிடிக்காமல் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வரும். எனக்கு மட்டும் அந்தப் பாடத்தில் ஒரு மலை கிடைத்தது. அதுவும் இங்கிலாந்து மலை!

கான்டூர் பாடம் நடத்திய அன்று எங்கள் சர்வே சார் ஒரு பெரிய மேப்பை டேபிளில் விரித்தார். அவர் மச்சான் ஷெஃபீல்டில் வேலை பார்த்துவிட்டு வந்தபோது கொண்டுவந்ததாம். ஆர்ட்னன்ஸ் சர்வே என்னும் அந்நாட்டு அரசு நிறுவனம் போட்டது. 25,000-க்கு ஒன்று ஸ்கேல். அதாவது மேப்பில் 4 சென்டிமீட்டர், தரையில் ஒரு கிலோமீட்டர். 10 மீட்டருக்கு ஒரு கான்டூர் கோடு. "நம்ம நாட்டை அளந்த பெரிய சர்வேயும் 1802-ல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு போட்டுத்தான் ஆரம்பிச்சுது, தெரியுமாடா?" என்றார். பிறகு ஈடேல் என்ற ஊரிலிருந்து ஈடேல் கிராஸ் என்ற கல் சிலுவை வரை போகும் பாதைக்கு நீள்வெட்டு வரைந்து வரச்சொன்னார். இடம் பீக் டிஸ்ட்ரிக்ட். 1951-ல் அறிவிக்கப்பட்ட பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா.

ஹாஸ்டலில் ராத்திரி உட்கார்ந்து வரைந்தேன். ஊர் சுமார் 250 மீட்டர் உயரத்தில். சிலுவை சுமார் 540 மீட்டரில். தூரம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் 17-க்கு 1 ஏற்றம். 'பூ, இவ்வளவுதானா?' என்று தோன்றியது. வரைந்து முடித்தபோதுதான் தெரிந்தது, சராசரி எவ்வளவு பெரிய பொய் சொல்லும் என்று. முதல் மூன்று கிலோமீட்டருக்குப் பாதை ஆடாமல் அசையாமல் போகிறது. ஏற்றத்தில் பெரும்பகுதி கடைசி ஒன்றரை கிலோமீட்டருக்குள் அடைந்து கிடக்கிறது. அந்த இடத்தில் கான்டூர் கோடுகள் சீப்புப் பல் மாதிரி நெருங்கி நிற்கும். அதற்குப் பெயர் ஜேக்கப்ஸ் லேடர். நம் ஊர்ச் சர்ச்சில் சொல்லும் யாக்கோபின் ஏணிதான். ஆனால் இந்த ஜேக்கப் வேதாகமத்துக்காரர் அல்ல. 18-ஆம் நூற்றாண்டில் அங்கே இருந்த ஜேக்கப் மார்ஷல் என்ற விவசாயி. சரக்கு ஏற்றிய குதிரை வளைந்து வளைந்து ஏறும்போது தான் நேராக ஏறிப்போக அவர் படி வெட்டிக்கொண்டாராம்.

சரக்குக் குதிரை என்றால் என்ன? ரோடு வருவதற்கு முந்தின காலத்து லாரி. செஷயர் பக்கத்து உப்பு, கம்பளி எல்லாம் அதன் முதுகில்தான் மலை தாண்டின. ஏணியின் அடியில் ஓடையின் மேல் ஒரு குறுகலான கல் பாலம் இருக்கிறது. கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்கூட இல்லை. டிசைன் தப்போ என்று நினைத்தேன். இல்லை. குதிரையின் இருபுறமும் தொங்கும் மூட்டை சுவரில் இடிக்கக்கூடாது என்று வேண்டுமென்றே அப்படிக் கட்டுவார்களாம்.

உப்பு என்று படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. என் அப்பா சைக்கிளில் கல்லுப்பு விற்பவர். கேரியரில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று மூட்டை, 75 கிலோ. காலை ஐந்து மணிக்குக் கிளம்பி நாலைந்து ஊர் சுற்றி மதியம்தான் வீடு வருவார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பு தாண்டிய முதல் ஆள் நான். அந்த ஃபீஸும் உப்பில் வந்ததுதான்.

இப்போது அந்தக் குதிரைப் பாதையில் போவது மலை சைக்கிள்கள். லீவுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் போனில் ஒரு வீடியோ காட்டினேன். ஒருத்தர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, ஜேக்கப்ஸ் லேடரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மூச்சிரைக்க ஏறுகிறார். அப்பா கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"ஏல, கேரியரே இல்லையே. சுமை ஒண்ணும் இல்லாம எதுக்குல இவ்வளவு கஷ்டப்பட்டு ஏறுதான்?"

"சும்மா, சந்தோஷத்துக்குப்பா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எறங்கும்போது நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

கியர் விஷயத்தில்தான் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18. நானே எண்ணிப் பார்த்தேன். பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்று. மலை சைக்கிளில் முன்னால் 32, பின்னால் 51 வரை பல் உண்டு. பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் முக்கால் சுற்றுகூடச் சுற்றாது. "அப்ப எப்பம் ஊர் போய்ச் சேர?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் மேம்பாலம் ஏறும்போது அவர் இறங்கித் தள்ளுவதைப் பார்த்தவன் நான். அந்த 51 பல் எனக்கு ஆடம்பரமாகத் தெரியவில்லை.

சிலுவையைத் தாண்டினால் மேற்கே ஹேஃபீல்டு ஊருக்கு இறக்கம். சைக்கிள்காரர்கள் பலர் அங்கிருந்து தெற்கே திரும்பி, ராய்ச் என்னும் பள்ளத்தில் இறங்கி ஏறி, ரஷ்அப் எட்ஜ் வழியாக மறுபடி ஈடேல் வருவார்கள். இந்த ரஷ்அப் எட்ஜ் கதையை சிவில் மாணவர்கள் அவசியம் கேட்கவேண்டும். 2014-ல் அந்தக் கரடுமுரடான பாறைப் படிகளில் சரளை கொட்டி மட்டப்படுத்த கவுன்ட்டி நிர்வாகம் ஆரம்பித்தது. சைக்கிள்காரர்கள் திரண்டு எதிர்த்தார்கள். ரோடு போடு என்று அல்ல, போடாதே என்று! இதை அப்பாவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அந்த ஊரையே நம்பமாட்டார்.

பக்கத்திலேயே மாம் டோர், 517 மீட்டர். 'நடுங்கும் மலை' என்று பட்டப்பெயர். அதன் சரிவில் 1819-ல் ஒரு ரோடு போட்டார்கள். மேலே மணற்பாறை, கீழே வலுவில்லாத களிப்பாறை, மழைநீர் இறங்கினால் மொத்தமும் நகரும். போட்டுப் போட்டுப் பார்த்து, 1979-ல் வண்டிப் போக்குவரத்தையே நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கு அந்தத் தார் ரோடு பிளந்து, அடுக்கடுக்காகப் போட்ட தாரெல்லாம் வெட்டிய கேக் மாதிரி தெரிகிறது. நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் மட்டும் போகிறார்கள். ஹைவே இன்ஜினீயரிங் பேப்பரில் 'நிலச்சரிவு - சிறுகுறிப்பு வரைக' என்று வந்தால் எனக்கு இனி பயமில்லை.

எல்லாம் உயர்ந்த மலைதான் என்று எண்ணவேண்டாம். தெற்கே சவுத் டவுன்ஸ் வே என்று ஒரு பாதை. வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 160 கிலோமீட்டர், சுண்ணாம்புக் குன்றுகளின் முதுகிலேயே போகிறது. அதில் 300 மீட்டர் உயரக் குன்றுகூடக் கிடையாது. ஆனால் ஏறி இறங்கி ஏறி இறங்கி, மொத்த ஏற்றத்தைக் கூட்டினால் சுமார் 4,000 மீட்டர் வந்துவிடும். அதை ஒரே நாளில் ஓட்டி முடிக்கிறவர்களும் உண்டு.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது மலை அல்ல, மேப்பில் இருந்த பச்சைக் கோடு. "சார், இது என்ன?" என்று கேட்டேன். குட்டைப் பச்சைக் கோடு நடப்பவர் பாதை. நீளப் பச்சைக் கோடு குதிரைப் பாதை. இந்தக் கோடு பெரும்பாலும் தனியார் நிலத்துக்குள்ளேதான் போகிறது. இருந்தாலும் நிலக்காரர் அடைக்க முடியாது. 1949 சட்டப்படி பாதைகளையெல்லாம் மேப்பில் குறித்துப் பதிவு செய்யச் சொன்னார்கள். 1968 சட்டம் குதிரைப் பாதையில் சைக்கிளுக்கும் உரிமை கொடுத்தது. நடப்பவருக்கும் குதிரைக்கும் சைக்கிள்காரர் வழிவிடவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

இதுவும் சும்மா வந்துவிடவில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று அதே ஹேஃபீல்டிலிருந்து நூற்றுக்கணக்கான தொழிலாளிப் பிள்ளைகள் கிண்டர் ஸ்கவுட் மலைக்குத் தடையை மீறி நடந்தார்கள். வேட்டைக்காகப் பணக்காரர்கள் அடைத்து வைத்திருந்த மலை அது. முன்னால் நின்ற பென்னி ராத்மனுக்கு 20 வயது. ஸ்டேஷனில் போலீஸ் காத்திருக்க, அவர் சைக்கிளில் ஊர் வந்து சேர்ந்தார். கிடைத்தது நாலு மாதம் ஜெயில். 2000-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த மாதிரித் திறந்த மலைகளில் நடக்கும் உரிமையைக் கொடுத்தது. வேடிக்கை என்னவென்றால், நடக்க மட்டும்தான். கிண்டர் உச்சிச் சமவெளியில் சைக்கிளுக்கு இன்றும் அந்த உரிமை இல்லை.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் எங்கள் ஊரில் ஓடைக்கரையோரம் ஒரு வண்டிப்பாதை இருந்தது. அப்பா அதில்தான் அடுத்த ஊருக்குப் போவார். இரண்டு வருடம் முன்பு தோப்பை வாங்கியவர் குறுக்கே இரும்புக் கேட் போட்டுவிட்டார். அன்றிலிருந்து மேம்பாலம் ஏறி, 4 கிலோமீட்டர் சுற்று. 75 கிலோவோடு, தினமும். யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அது அவர் இடம்தானே என்று.

அடுத்த லீவில் சர்வே நம்பரைக் கண்டுபிடித்து, இ-சேவை மையத்தில் புலப்பட நகல் எடுத்தேன். தோப்பின் நடுவே இரண்டு புள்ளிக்கோடு. அதன் நடுவே 'வண்டிப்பாதை' என்று எழுதியிருந்தது. கை நடுங்கிவிட்டது எனக்கு.

அப்பாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆனால் படத்தில் விரலை வைத்து, "இந்த வளைவு புளியமரம் நின்ன இடம்லா?" என்றார். மரம் படத்தில் இல்லை. ஆனால் சரியாகத்தான் சொன்னார்.

தாசில்தாருக்கு மனு எழுதிக் கொடுத்தேன். வாங்கி மடித்து, உப்புக் கணக்கு நோட்டுக்குள் வைத்தார். "அவரு கடை ரெண்டுக்கும் நான்தாம்ல உப்பு போடுதேன். நீ மொதல்ல டிப்ளமாவ முடி." அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மாதம் எவ்வளவு உப்பு அந்தக் கடைகளுக்குப் போகிறது என்று எனக்கும் தெரியும்.

கையெழுத்து இன்னும் போடவில்லை. பொங்கல் லீவுக்குப் போகும்போது அந்த நோட்டைத் திறந்து பார்க்கவேண்டும். மேப்பை சாரிடம் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.