சத்தம் கேட்டுத் தைப்பார்கள்!

ஹார்ட் அட்டாக் என்றால் ஆப்பிளோடு பார்க்க வருவார்கள். மூலம் என்றால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். முதுநகரிலிருந்து சிதம்பரம் ஆபீசுக்கு பாசஞ்சரில் போகிறவன் நான். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை... ஸீட் காலியாக இருந்தும் நின்றபடியே வந்தால்? "என்ன சார், வேண்டுதலா?" என்றார் ஒருவர்.

வீட்டில் கருணைக்கிழங்கு மசியல், துத்திக்கீரை எல்லாம் ஆயிற்று. ரத்தம் நிற்கவில்லை. எனக்கு முப்பத்து நாலு வயசு, பெண்ணுக்கு மூணு. ராத்திரியானால் 'புற்றுநோயோ?' என்ற பயம்.

"ரத்தம்னாலே மூலம்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க தம்பி" என்ற சர்ஜன், குடலுக்குள்ளும் கேமரா விட்டுப் பார்த்துவிட்டு, "மூலம்தான். ரெண்டாவது ஸ்டேஜ்" என்றார். அந்தத் 'தான்' இருக்கிறதே... தேன்!

"ஸ்கேன் வெச்சுத் தைக்கிறாங்களாமே சார்?"

இருக்கிறது. 1995-ல் ஜப்பானிய டாக்டர் மோரினாகா வெளியிட்ட முறை. அல்ட்ராசவுண்டுதான், ஆனால் முக்கிய வேலை காதுக்கு. டாப்ளர் பொருத்திய சின்னக் குழாயை உள்ளே விட்டுத் திருப்பினால், மூலத்துக்கு ரத்தம் கொண்டுவரும் தமனி இருக்கும் இடத்தில் 'உஷ்... உஷ்...' என்று சத்தம் வரும். அங்கே ஒரு தையல். சத்தம் நின்றால் ரத்தக்குழாய் அடைபட்டது என்று அர்த்தம். வெட்டி எடுப்பதே இல்லை. திருடன் இருட்டில் பெருமூச்சு விட்டு மாட்டிக்கொள்கிற மாதிரி!

"அப்ப அதையே பண்ணிடலாமே?"

"சத்தம் இன்னிக்கு நிக்கும். ரத்தம் ஒரு வருஷம் கழிச்சும் நிக்குதானு பாக்கணும்ல?"

பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் 17 ஆஸ்பத்திரிகளில் நடந்த ஆய்வு, 2016-ல் வெளிவந்தது. ஒரு வருஷத்தில் தொல்லை திரும்பியது, ரப்பர் வளையம் போட்டவர்களில் நூற்றுக்கு 49 பேருக்கு. டாப்ளர் தையலில் 30 பேருக்கு. தையல் ஜெயித்தது என்று துள்ளினேன். டாக்டர் அடக்கினார். தையலுக்கு மயக்க மருந்து வேண்டும், செலவு ஜாஸ்தி, முதல் சில நாள் வலியும் ஜாஸ்தி. வளையத்தையோ திரும்பவும் போடலாம். அப்படிப் போட்டதையும் ஒரே வைத்தியமாகக் கணக்கில் எடுத்தால் வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிடுகிறதாம்.

என் ஸ்டேஜுக்கும் என் பர்ஸுக்கும் ரப்பரே போதும் என்று முடிவாயிற்று. படுக்கவைத்து, வளையம் மாட்டி, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ரெண்டு நாள் கனத்த மாதிரி ஒரு வலி. ஆறு வாரம் கழித்து இன்னொரு வளையம். இப்போது ரத்தம் இல்லை.

ஆபீசில் சிரித்தவர்களில் மூணு பேர், தனித்தனியாக, ஜெராக்ஸ் மெஷின் ஓரமாக என்னைத் தள்ளிக்கொண்டு போய் டாக்டர் நம்பரை வாங்கிக்கொண்டார்கள். மூணு பேரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: "ஃப்ரெண்டுக்கு சார்!"