திரையில் நான் யார்?

எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் ‘திருவிளையாடல்’ பார்த்தபோது எனக்குப் பதினான்கு வயது. 1965-இல் வெளியான படம், எங்கள் கீற்றுக் கொட்டகைக்கு வந்து சேர மறு வருடம் ஆகிவிட்டது. சிவபெருமானாகச் சிவாஜி தோன்றியதும் மணலில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து கும்பிட்டார்கள். மிராசுதார் வீட்டுக் காரியஸ்தர் ஒருவர் திரைக்கு முன்னால் போய்க் கற்பூரம் ஏற்றினார். மறுநாள் காலையில் அதே மனிதர் களத்தில் கூலி நெல் அளந்தபோது, கட்டைவிரலை மரக்காலுக்குள் விட்டு அளந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. எழுபத்து மூன்று வயதில் இப்போது வரவில்லை. அவருடைய பக்தி பொய் என்று சொல்ல மாட்டேன். படத்தில் கடவுள் யார் என்று அவருக்குத் தெரிந்தது. தான் யார் என்று மட்டும் அவர் தேடவில்லை.

பிள்ளைகளே, படம் பார்க்கும்போது நாம் எல்லோருமே கதாநாயகன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறோம். அடிபட்டவனும் நாமே, நியாயம் பேசுகிறவனும் நாமே. அங்கிருந்து எழுந்து கதையில் வேறு யாராக இருக்கிறோம் என்று தேடிப் பார்த்த நாட்களில்தான் சினிமா எனக்கு எதையாவது கற்றுக்கொடுத்திருக்கிறது.

மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ 2018-இல் வந்தது. சட்டம் படிக்க வந்த பையனைச் சாதி எப்படியெல்லாம் நசுக்குகிறது என்பது கதை. அவனை அடிக்கிறார்கள். அவனுடைய அப்பாவை நடுத்தெருவில் வேட்டியை உருவி ஓடவிடுகிறார்கள். கடைசியில் அவன் கத்தியைத் தூக்கவில்லை, தலையையும் குனியவில்லை. எதிரில் நிற்கும் மனிதரிடம் பேசுகிறான். இரண்டு டீ கிளாஸ், நடுவில் ஒரு மல்லிகைப் பூ என்று படம் முடிகிறது. அந்தக் கிளாஸ்களைப் பார்த்ததும் எனக்கு எங்கள் ஊர் டீக்கடை ஞாபகம் வந்தது. அங்கே எங்களுக்குக் கண்ணாடி கிளாஸ். சேரியிலிருந்து வருகிறவர்களுக்கு வெளிக்கம்பத்தில் மாட்டிய அலுமினியக் குவளை. குடித்துவிட்டு அவர்களே கழுவி மாட்ட வேண்டும். அந்தக் கடையில் பத்து வருடம் டீ குடித்தவன் நான். ஒரு நாளும் வாயைத் திறந்து கேட்டதில்லை. பொறுமை பெரிது என்று எங்கள் தலைமுறை உங்களிடம் ஓயாமல் சொல்லிவந்திருக்கிறது. இன்றும் அதையே சொல்வேன். ஆனால் தன் வலியைத் தாங்குகிறவனுக்குத்தான் அந்தச் சொல் பொருந்தும். அடுத்தவன் வலியை நான் பொறுத்துக்கொண்டதற்குப் பெயர் வேறு.

‘கடைசி விவசாயி’யை 2022-இல் பேத்தியோடு போய்ப் பார்த்தேன். அரங்கில் இருபது பேர் இருந்தால் அதிகம். மணிகண்டன் எடுத்த படம். மாயாண்டி என்ற கிழவராக நடித்த நல்லாண்டி, உசிலம்பட்டிப் பக்கத்து அசல் விவசாயி. படம் வெளிவருவதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். பின்னர் தேசிய விருதுக் குழு அவருக்குச் சிறப்புக் குறிப்பு வழங்கியது.

ஊரில் குலசாமிக்குத் திருவிழா எடுக்க வேண்டும். அதற்கு ஊர் மண்ணில் விளைந்த ஒரு மரக்கால் நெல் வேண்டும். எல்லோரும் நிலத்தை விட்டுவிட்ட ஊரில், பயிர் செய்யக்கூடியவர் அந்தக் காது கேளாத கிழவர் ஒருவர்தான். செத்துக் கிடந்த மயில்களைப் புதைத்ததற்காக, மயிலைக் கொன்றதாக அவர் மேல் வழக்கு விழுகிறது. சிறைக்குப் போகிறவருக்குத் தன்னைப் பற்றிக் கவலையில்லை; தண்ணீரில்லாமல் பயிர் செத்துப்போகுமே என்பதுதான் கவலை. நீதிபதி அம்மா ஒரு போலீஸ்காரரை அனுப்பித் தண்ணீர் பாய்ச்சச் சொல்கிறார். நான் பார்த்த எத்தனையோ சாமி படங்களில் இல்லாத தெய்வம் அந்த வயலில் இருந்தது. கிழவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. காலையில் எழுகிறார், சாமி கும்பிடுகிறார், வயலுக்குப் போகிறார். மழை பெய்தாலும் பொய்த்தாலும் மறுநாளும் போகிறார். எண்பது வயது வரைக்கும் ஒரு வேலையை இப்படிச் செய்துகொண்டிருப்பதைவிடப் பெரிய தவம் எனக்குத் தெரியாது.

அந்தக் கிழவர் நான் இல்லை என்பதுதான் விஷயம். அதே படத்தில் யோகி பாபு நிலத்தை விற்று யானை வாங்குகிறார். எங்கள் அப்பா செத்த மறு வருடம் அண்ணன் தம்பிகள் நாங்கள் நிலத்தை விற்றோம். (எங்களிடம் யானைகூட மிஞ்சவில்லை.) வீட்டுக்கு வரும் வழியில் பேத்தி, “தாத்தா, நம்ம வயல் எங்க இருந்துச்சு?” என்று கேட்டாள். அந்த இடத்தில் இப்போது ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிறகு ‘மெய்யழகன்’ வந்தது, 2024-இல். பிரேம்குமார் படம். இருபத்திரண்டு வருடம் கழித்து ஊர்ப்பக்கம் வரும் அருள்மொழியை ஒருவன் அன்பால் மூழ்கடிக்கிறான். இவர் விட்டுப்போன பழைய சைக்கிள் ஒன்று அந்தக் குடும்பத்தையே தூக்கி நிறுத்தியிருக்கிறது. இவருக்கோ அவன் பெயர்கூட ஞாபகமில்லை. வெட்கம் தாங்காமல் ராத்திரியோடு ராத்திரியாகச் சொல்லாமல் கிளம்பிவிடுகிறார். படம் மிக நீளம் என்று சிலர் குறைப்பட்டார்கள், பிறகு கொஞ்சம் வெட்டினார்கள். எனக்கு நீளமாகத் தெரியவில்லை. அந்த வெட்கம் மனதில் இறங்க அவ்வளவு நேரம் வேண்டும்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1973-இல் வேலை தேடித் திருச்சியில் அலைந்த மூன்று மாதமும், ஒரு மெஸ்ஸில் பரிமாறியவர் தன் கணக்கில் எழுதிக்கொண்டு எனக்கு ராத்திரிச் சாப்பாடு போட்டார். வேலை கிடைத்ததும் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். கடன் தீர்ந்தது என்று நினைத்தேன். அவர் முகம் ஞாபகமிருக்கிறது, ரசம் ஊற்றும் கை ஞாபகமிருக்கிறது. பெயர் இல்லை. யோசித்துப் பார்த்தால், மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. “அண்ணே” என்று கூப்பிட்டேனே தவிர, பெயரைக் கேட்டதே இல்லை. போன மாதம் திருச்சிக்குப் போய்த் தேடினேன். மெஸ் இருந்த இடத்தில் செல்போன் கடை. அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை.

நீங்கள் தங்கியிருக்கும் விடுதியில் சோறு போடுகிறவரின் பெயரை இன்று ராத்திரியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.