தேள் சின்னமும் சாலையின் ஹக்கும்

அந்தக் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது உம்மாவின் கண்ணில் முதலில் பட்டது அதன் முகப்பில் இருந்த தேள்தான். "வேற ஒண்ணும் கெடைக்கலையா வாப்பா? தேளையா வாங்கிட்டு வந்தீங்க?" என்றார்கள். அபார்த் நிறுவனத்தை 1949இல் இத்தாலியில் தொடங்கிய கார்லோ அபார்த், தம் ராசி விருச்சிகம் என்பதால் தேளைச் சின்னமாக வைத்துக்கொண்டார். இந்த விளக்கம் நிலைமையை இன்னும் கெடுத்தது. ராசிபலனைக் காதில்கூட வாங்காத வீட்டு வாசலில் ராசிச் சின்னம் பொறித்த வாகனம் நின்றது.

உச்சிப்புளியில் வசிக்கும் அண்ணன் தம்பியாகிய நாங்கள் இருவரும் சேர்ந்து வாங்கிய பழைய கார் அது. 2015 அக்டோபரில் இந்தியச் சந்தைக்கு வந்த அபார்த் புன்டோ, 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 145 குதிரைத்திறன். புதிதாக வந்தபோது டெல்லிக் காட்சியக விலை பத்து லட்சத்துக்குச் சற்றே குறைவு. வட்டிக் கடன் வாங்குவதில்லை என்பது வாப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டு வழக்கம். ஆகவே இருவரும் மூன்று ஆண்டுகள் மாதந்தோறும் பணம் சேர்த்தோம். சேமிப்பின் மீது ஆண்டு நிறைந்ததால் ஜகாத்தும் கணக்கிட்டுக் கொடுத்தோம். பணம் ஹலாலானது என்பதில் ஐயமில்லை. அதை வைத்து என்ன செய்தோம் என்பதே இக்கட்டுரை.

டர்போ என்பது வீணாய்ப் போகும் புகையை வேலை வாங்கும் ஏற்பாடு. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். அதே அச்சின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்தும். காற்று கூடினால் எரிபொருளையும் அதற்கேற்பக் கூட்டலாம். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பூஹி 1905இலேயே இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். அச்சக்கரங்கள் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலக்கூடியவை. ஓட்டுபவருக்கு இவையெல்லாம் தெரியாது. காலை அழுத்துகிறார், ஒரு கணம் ஒன்றும் நிகழ்வதில்லை, பிறகு எல்லாம் ஒருசேர நிகழ்கிறது. நஃப்ஸுக்கு இனிப்பது அந்தப் 'பிறகு'தான். முதல் வாரம் முழுவதும் நாங்கள் இருவரும் சிறுவர்களைப் போலச் சிரித்துக்கொண்டிருந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

இது இஸ்ராஃப் ஆகாதா என்ற கேள்வி உம்மாவிடமிருந்தும், அதற்கு முன்பே எங்கள் உள்ளத்திலிருந்தும் எழுந்தது. எங்களுக்குத் தெரிந்த ஆலிம் ஒருவரிடம் கேட்டோம். ஆகும், ஆகாது என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்திய ஹதீஸை எடுத்துரைத்தார். பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை. பயிற்சி பெறாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை. இப்னு உமர் (ரலி) அவர்களும் குதிரை ஓட்டியவர்களுள் ஒருவர். ஸஹீஹுல் புகாரியில் உள்ள செய்தி இது. விரைவின் மீதான ஆசையை மார்க்கம் தடுக்கவில்லை என்று நாங்கள் மகிழத் தொடங்கிய வேளையில் அவர் கேட்டார்: "எங்கிருந்து எதுவரை என்று எல்லை குறித்திருக்கிறார்கள், கவனித்தீர்களா? உங்கள் ஓட்டத்துக்கு எல்லை எது?"

எங்களிடம் விடை இல்லை. எங்கள் ஓட்டம் மண்டபம் வரை, பாம்பன் பாலம் வரை, சில நாள்களில் அரிச்சல்முனை வரை, சாலை போகும் வரை என்றிருந்தது.

இடையில் பராமரிப்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பழைய டர்போ கார் வாங்க நினைக்கும் தம்பிகள் எங்களிடம் முதலில் கேட்பது அதைத்தான். பாண்டியர் கரைக்கு ஹுர்முஸ், கிஸ், ஏடன் முதலிய துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் குதிரைகள் வந்திறங்கியதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். பெருந்தொகை கொடுத்து வாங்கிய அக்குதிரைகளுள் பெரும்பாலானவை, பேணத் தெரிந்தவர்கள் இல்லாமையால் விரைவிலேயே மாண்டன என்பதும் அவர் குறிப்பு. எழுநூறு ஆண்டுகள் கழித்து அதே கரையில் நாங்களும் வாங்கத் தெரிந்து, பேணத் தெரியாதவர்களாக இருந்தோம். விரைந்து ஓட்டி வந்ததும் எஞ்சினை அணைத்துவிடுவோம். டர்போவின் அச்சுக்கு உயவும் குளிர்ச்சியும் தருவது எஞ்சின் ஆயில். கொதிக்கும் சூட்டில் அதன் ஓட்டத்தை நிறுத்தினால் ஆயில் அங்கேயே கருகிப் படியும். வீடு நெருங்கும் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி வருவதே இதற்கு மருந்து. ஆயிலை உரிய காலத்துக்கு முன்பே மாற்றுவது நல்லது. டைமிங் பெல்ட்டைக் கிலோமீட்டர் கணக்கோடு வயதுக் கணக்கும் பார்த்து மாற்ற வேண்டும். இரண்டு பக்கமும் கடல் உள்ள ஊரில் உப்புக்காற்று அடிப்பகுதி இரும்பை விடாது. முந்தைய உரிமையாளர் எஞ்சினின் மென்பொருளை மாற்றித் திறனைக் கூட்டியிருக்கிறாரா என்று வாங்குமுன் கேட்டறிய வேண்டும். இத்தனையையும் கற்றுக்கொண்ட நாங்கள் ஒன்றை மட்டும் விட்டுவிட்டோம். அது பின்னால் வருகிறது.

உச்சிப்புளி வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையை அறிந்தவர்களுக்குத் தெரியும். கடற்படை விமானத் தளமான ஐஎன்எஸ் பருந்து ஒருபுறம். பனைகளும் சவுக்குத் தோப்புகளும் மறுபுறம். நேராகக் கிடக்கும் சாலை ஓட்டுபவரை ஏய்க்கும். ராமேஸ்வரத்துக்கு இரவெல்லாம் பயணிக்கும் யாத்திரிகர் பேருந்துகள், ஓட்டுநருக்குத் தூக்கம் கலையாத வேன்கள், குறுக்கே வரும் வெள்ளாடுகள், மதரஸாவுக்குச் செல்லும் பிள்ளைகள், விடியும் முன்பே மீன் ஏற்றிவரும் சிறு வண்டிகள் என அனைவருக்கும் அது ஒன்றுதான் சாலை.

ஒரு நாள் சுபுஹுத் தொழுகை முடிந்து, சாலை வெறுமையாக இருக்கும் என்ற நம்பிக்கையில் கிழக்கே புறப்பட்டோம். எங்களுள் மூத்தவன் ஓட்டினான். இளையவன் அருகில் இருந்தான். வேகமானி 120ஐத் தொட்டபோது புதுமடம் பக்கமிருந்து டிவிஎஸ் வண்டியில் மீன் பெட்டி கட்டிய பெரியவர் ஒருவர் சாலையில் ஏறினார். எங்களைப் பார்த்துத்தான் ஏறினார். தொலைவில் வரும் கார் எல்லாக் கார்களையும் போல வரும் என்று கணக்கிட்டார். அந்தக் கணக்கில் பிழையில்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், ஓட்டுபவர் சுதாரிக்கும் ஒரு வினாடியையும் சேர்த்து, சுமார் 35 மீட்டரில் நின்றுவிடும். 120இல் நூறு மீட்டருக்கு மேல் வேண்டும். வேகம் இரட்டித்தால் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது.

கார் அவருடைய பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. பெட்டி சரிந்து மீன்கள் தாரில் சிதறின. அவர் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். "தொழுதுட்டா வர்றீங்க?" என்று மட்டும் கேட்டார். எங்கள் தலையில் தொப்பி இருந்தது. மூவருமாகக் குனிந்து மீனைப் பொறுக்கினோம். பணம் கொடுக்க முயன்றோம்; வாங்க மறுத்துவிட்டார்.

அன்று முழுவதும் நாங்கள் ஒருவரோடொருவர் அதிகம் பேசவில்லை. இரவில் சூரா அந்நிஸாவின் 92ஆம் வசனத்தின் விளக்கத்தை எடுத்துப் படித்தோம். தவறுதலாக ஓர் உயிரைப் போக்கியவர் மீது அவ்வுயிருக்கான ஈட்டுத்தொகையோடு, அடிமையை விடுவிக்க இயலாதபோது இரண்டு மாதங்கள் தொடர்ந்து நோன்பு நோற்கும் கடமையும் விழுகிறது. ஓட்டுநரின் அலட்சியத்தால் நேரும் சாலை மரணமும் இதில் அடங்கும் என்று இக்கால அறிஞர்கள் பலர் கூறியுள்ளனர். பாதையில் அமர்பவர்கள் பாதைக்குரிய ஹக்கைக் கொடுக்க வேண்டும் என்ற நபிமொழியைச் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். பிறருக்குத் தொல்லை தராதிருப்பது அந்த ஹக்குகளுள் ஒன்று. திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கே அந்தக் கடமை இருக்குமானால், ஒன்றரை டன்னுக்கு அருகிலான இரும்பை ஓட்டுபவருக்கு எவ்வளவு இருக்கும்?

காரை விற்றுவிடலாம் என்றான் மூத்தவன். விற்றால் வாங்குபவரும் இதே சாலையில்தானே ஓட்டுவார் என்றான் இளையவன். அது சாக்குத்தான் என்று அவனுக்கும் தெரியும். இறுதியில் ஆலிமின் கேள்விக்கு விடை தேடுவது என்று முடிவு செய்தோம்: எல்லை குறிக்கப்பட்ட இடத்தில் மட்டுமே வேகம்.

அத்தகைய இடங்களுக்குத் தமிழகத்தில் பழைய வரலாறு உண்டு. இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பல பத்தாண்டுகள் கார்ப் பந்தயங்கள் நடந்தன. 1990இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் அமைந்தது. கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள தடம், இந்தியாவில் பந்தயக் கார்களை உருவாக்கி 1995இல் விமான விபத்தில் இறந்த கரிவரதனின் பெயரைத் தாங்கியது. எங்களுக்கு அதுவே அருகில். அருகில் என்றாலும் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். போகுமுன் காப்பீட்டுப் பத்திரத்தைப் படித்தோம். பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் காப்பீடு பொருந்தாது என்று அதில் தெளிவாக இருந்தது. சேதம் எதுவாயினும் எங்கள் கைப்பணம் என ஒப்புக்கொண்டே புறப்பட்டோம். எவரோடும் போட்டியில்லை, பந்தயப் பணமும் இல்லை.

தடத்தில் எதிரே எவரும் வருவதில்லை. ஆடு இல்லை, பிள்ளைகள் இல்லை. வளைவுக்கு முன் எங்கே பிரேக் பிடிப்பது, எங்கே விடுவது என்று சுற்றுக்குச் சுற்றுக் கற்றோம். சாலையில் பெருமையாகத் தோன்றிய எங்கள் ஓட்டும் திறமை அங்கே எவ்வளவு சிறியது என்பது முதல் மூன்று சுற்றுகளிலேயே விளங்கியது. எட்டாவது சுற்றில் பிரேக் மிதி பஞ்சுபோல் அமுங்கித் தரைவரை சென்றது. கியரைக் குறைத்தும் கார் தடத்தை விட்டு விலகி மண்ணில் இறங்கி நின்றது. அல்ஹம்துலில்லாஹ், எவருக்கும் ஒன்றுமில்லை.

காரணம் பிரேக் ஆயில். வாங்கிய நாளிலிருந்து நாங்கள் மாற்றாத ஒன்று அதுதான். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கையில் 230 டிகிரி வரையாவது கொதிக்கக் கூடாது. ஈரம் சேர்ந்தபின் அந்த வரம்பு 155 டிகிரியாக இறங்கிவிடும். கொதித்தால் குமிழி உண்டாகும். மிதித்தால் குமிழிதான் அமுங்கும், பிரேக் பிடிக்காது. கடலோர ஊரில் ஆண்டுக்கணக்கில் கிடந்த அதே ஆயிலை நம்பித்தான் அந்தப் பெரியவரை நோக்கி 120இல் போயிருக்கிறோம். மண்ணில் நின்ற காருக்குள் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் நினைத்தது அந்த மீன் பெட்டியைத்தான். மூத்தவனின் கை வெகுநேரம் நடுங்கிக்கொண்டிருந்தது.

பிரேக் ஆயிலை மாற்றிவிட்டு மறுநாள் திரும்பினோம். வழியில் இளையவன் இரண்டு ஹதீஸ்களை நினைவுபடுத்தினான். இரண்டும் அரஃபாவிலிருந்து திரும்பும் பயணத்தைப் பற்றியவை. பின்னால் ஒட்டகங்களை அதட்டி அடித்து விரட்டும் இரைச்சலைக் கேட்ட நபியவர்கள், அமைதியாக வரும்படி சாட்டையால் சைகை காட்டினார்கள். அவசரத்தில் நன்மையில்லை என்று உணர்த்தினார்கள். அதே பயணத்தில் அவர்கள் நிதானமாகச் சென்றதையும், திறந்த வெளி கிடைத்தபோது விரைவுபடுத்தியதையும் உஸாமா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். இரண்டாவது ஹதீஸை மட்டும் பிடித்துக்கொள்ள எங்களுக்கு ஆசைதான். ஆனால் அந்த வெளி மண்டபம் சாலையில் இல்லை.

இப்போது கார் சாலையில் மற்றக் கார்களைப் போலவே போகிறது. புதுமடம் திருப்பத்தில் பெரியவர் எங்களைக் கண்டால், தேள் வண்டி வருகிறது என்று சிரித்தபடி ஒதுங்குகிறார். அவர் ஒதுங்குவது எங்களுக்குச் சங்கடமாகவே இருக்கிறது. அடுத்த முறை அக்கம்பக்கத்துத் தம்பிகள் இருவர் செட்டிப்பாளையத்துக்கு உடன் வருகிறார்கள். பாம்பன் பாலத்தில் பைக்கை முறுக்கிக்கொண்டிருந்தவர்கள். ஹெல்மெட் அவரவருடையது, பெட்ரோல் செலவில் பாதி அவர்களுடையது. இன்ஷா அல்லாஹ், சுபுஹுக்குப் பின் புறப்படுகிறோம். அதுவரை சாவி உம்மாவின் அலமாரியில்.